வராதவரின் சந்தா: இந்தியாவில் உடற்பயிற்சிச் சலுகையின் வரலாறு

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் மாத இறுதியில் இந்திய நகரங்களின் சுவர்களிலும் கைப்பேசித் திரைகளிலும் ஒரே வகையான அறிவிப்புகள் நிறைகின்றன. ஆறு மாதச் சந்தா கட்டினால் ஆறு மாதம் இலவசம். இருவராகச் சேர்ந்தால் ஒருவருக்குப் பாதிக் கட்டணம். சேர்க்கைக் கட்டணம் முழுத் தள்ளுபடி. சலுகை 31ஆம் தேதியுடன் முடிகிறது. இவை அண்மைக்கால விளம்பர உத்திகள் என்றே எண்ணத் தோன்றும். ஆனால் இச்சலுகைகளின் உறுப்புகளான உடல் அளவுப் பட்டியல், பயிற்சிக்கு முன்னும் பின்னுமான படம், பரிசுப் போட்டி, முன்கூட்டிப் பெறும் கட்டணம் ஆகியவற்றுள் பல 100 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமை உடையவை. அவை ஒன்றன்பின் ஒன்றாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்த வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால் ஒரு மாற்றம் புலப்படுகிறது. பயிற்சியில் சேர்வதும் பயிற்சி செய்வதும் ஒரே செயலாக இருந்த நிலை மெல்ல மாறி, சேர்தல் மட்டும் தனி விலை பெற்ற பண்டமாயிற்று. அதன் விளைவாக, பணம் கட்டிவிட்டு வராமல் இருப்பவரே இத்தொழிலுக்கு இன்றியமையாதவர் ஆனார். இந்தப் பிரிவு எப்படி நேர்ந்தது என்பதே இங்கு ஆராயப்படும் கேள்வி.

தொடக்கநிலையை அறிய வட இந்தியாவின் அகாராக்களைக் காண வேண்டும். பனாரஸ் மல்லர்களைப் பற்றி ஜோசப் ஆல்டர் 1992இல் வெளியிட்ட மானிடவியல் நூல் இவ்வமைப்பை விரிவாக விளக்குகிறது. அகாராவில் சேர்பவன் குருவை வணங்கிக் காணிக்கை வைக்கிறான். மாதக் கட்டணம் என்ற ஒன்று அங்கு இல்லை. கோதாவின் மண்ணை நாள்தோறும் கொத்திப் பதப்படுத்துவது சீடர்களின் பணி. அப்பணி குருவுக்கும் அகாராவுக்கும் செய்யும் தொண்டாகவும், அதே வேளையில் உடலுக்கான பயிற்சியாகவும் அமைகிறது. எனவே வராத சீடன் என்பவனுக்கு அங்கு இடமே இல்லை. வருகை நின்றால் உறவும் நின்றுவிடும். பெரும் பயில்வான்களின் உணவுக்கும் வாழ்வுக்குமான செலவைச் சமஸ்தானங்கள் ஏற்றன. காமா பயில்வானுக்குப் பாட்டியாலா அரசு அளித்த ஆதரவும், கோலாப்பூரில் சாகு மகாராஜா 1912இல் கட்டி முடித்த காஸ்பாக் மல்யுத்த அரங்கமும் இதற்குத் தக்க சான்றுகள்.

இந்த அமைப்பைப் பொற்காலமாகக் காட்டுவது பிழையாகும். பெண்களுக்கு அகாராவின் வாயில் அடைபட்டிருந்தது. யார் எந்தக் குருவிடம் பயிலலாம் என்பதில் சாதியும் ஊரும் உறவும் வலுவாகச் செயல்பட்டன. அரசரின் ஆதரவு அரசரின் விருப்பத்தைச் சார்ந்திருந்தது. கட்டணம் இல்லாத இடத்தில் வேறு வகையான நுழைவுச் சீட்டு ஒன்று இருந்தது என்பதை மறத்தல் ஆகாது. பின்னாளில் பணம் வாங்கும் உடற்பயிற்சிக் கூடம் வந்தபோது, பலருக்கு அது ஒரு விடுதலையாகவும் தோன்றியதற்குக் காரணம் இதுவே.

விலையுடன் கூடிய பயிற்சியை உலக அளவில் விற்பனைப் பொருளாக்கியவர் யூஜின் சாண்டோ. பிரஷ்யாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் 1867இல் பிறந்த இவர், மேடைகளில் பலம் காட்டும் கலைஞராகப் புகழ்பெற்ற பின், 1897இல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அதே ஆண்டு வெளியான அவருடைய வழிகாட்டி நூலில் பயிற்சி முறையுடன், பயின்றவர்கள் எழுதிய கடிதங்களும் அவர்களுடைய மார்பு, கை, தொடை அளவுகள் கூடிய விவரமும் இடம்பெற்றன. எண்களைக் கொண்டு உடல் மாற்றத்தை மெய்ப்பிக்கும் இந்த உத்தி, இன்றைய விளம்பரங்களில் வரும் ‘முன், பின்’ படங்களின் நேரடி முன்னோடி. 1898இல் அவர் ஓர் இதழைத் தொடங்கி, தம் முறையில் பயில்வோருக்கென மாபெரும் உடலழகுப் போட்டி ஒன்றையும் அறிவித்தார். போட்டியின் இறுதிச் சுற்று நடைபெற்றது 1901 செப்டம்பர் 14 அன்று, லண்டனின் ராயல் ஆல்பர்ட் அரங்கில். சாண்டோவுடன் சிற்பி சார்லஸ் லாஸும் எழுத்தாளர் ஆர்தர் கானன் டாயிலும் நடுவர்களாக அமர்ந்தனர். முதற்பரிசு சாண்டோவின் உருவமே பொறித்த பொற்சிலை. அறிவிப்புக்கும் இறுதிச் சுற்றுக்கும் இடைப்பட்ட மூன்று ஆண்டுகளில் அந்தப் பரிசின் நம்பிக்கையில் எத்தனையோ இளைஞர் இதழையும் கருவிகளையும் வாங்கினர். பரிசு ஒருவருக்கு, விற்பனை அனைவருக்கும்.

சாண்டோ 1904-05இல் கீழை நாடுகளில் மேற்கொண்ட பயணத்தின் ஒரு பகுதியாக இந்தியாவுக்கு வந்து கல்கத்தா, பம்பாய் முதலிய நகரங்களில் காட்சிகள் நடத்தினார். அந்த வருகை நிகழ்ந்த சூழல் கவனத்துக்குரியது. வங்காளியர் உடல்வலிமை அற்றவர் என்ற காலனியப் பழிச்சொல் மெக்காலே காலத்திலிருந்தே நிலவியது. அப்பழியைப் படித்த வங்காளியர் தாமும் உள்வாங்கிக்கொண்டு, பின் அதைக் களைய உடற்பயிற்சியை நாடிய வரலாற்றை ஜான் ரோசெல்லி 1980இல் எழுதிய கட்டுரை விளக்கியுள்ளது. 1902இல் கல்கத்தாவில் உருவான அனுசீலன் சமிதி உடற்பயிற்சியைப் புரட்சிக்கான ஆயத்தமாகவே கொண்டது. இவ்வாறு தேவை முன்னரே எழுந்திருந்த நிலத்தில் சாண்டோ விதைத்தது ஒரு வணிகப் பெயர். கோடி ராமமூர்த்தி நாயுடு ‘இந்திய சாண்டோ’ என்று அழைக்கப்பட்டார். தமிழ்நாட்டில் அப்பெயர் பலசாலிகளின் பட்டமாகவே மாறியது. திரைப்படத் தயாரிப்பாளர் சாண்டோ சின்னப்பா தேவர் அதற்கு நன்கறிந்த எடுத்துக்காட்டு. கையில்லாத பனியனை ‘சாண்டோ பனியன்’ என்று சொல்லும் வழக்கு வங்காளம் முதல் தமிழகம் வரை இன்றும் உண்டு. ஒரு பயிற்சி முறையின் விவரங்கள் மறைந்துபோக, அதன் விளம்பரப் பெயர் மட்டும் துணிக்கடையில் எஞ்சியிருப்பது, எது விற்கப்பட்டது என்பதை ஓரளவு உணர்த்துகிறது.

சாண்டோவின் வாடிக்கையாளர்களுள் ஒருவர், இன்றைய மகாராஷ்டிரத்தின் ஔந்த் என்னும் சிறு சமஸ்தானத்தின் அரசர் பவன்ராவ் பந்த் பிரதிநிதி. சாண்டோவின் கருவிகளையும் நூல்களையும் வாங்கி ஏறத்தாழப் பத்தாண்டுகள் பயின்ற பின், அவர் சூரிய நமஸ்காரத்தின் பக்கம் திரும்பினார். அதைத் தம் சமஸ்தானப் பள்ளிகளில் புகுத்தினார், நூல்கள் எழுதினார், 1938இல் அவருடைய ஆங்கில நூல் லண்டனில் வெளிவந்தது. அவர் பரப்பிய முறைக்குக் கருவி வேண்டா, தனிக் கூடம் வேண்டா, சிறிதளவு தரையே போதும். விற்பதற்கு எதுவும் இல்லாத பயிற்சி அது. அந்த இயக்கத்தின் பின்னணியில் ஓர் அரசரின் கருவூலமும் ஆணையும் இருந்தன என்பது உண்மை. எனினும், உறுப்பினர் சேர்க்கையை நம்பாமலே ஒரு பயிற்சி பெருந்திரளிடம் சென்று சேர இயலும் என்பதற்கு ஔந்த் ஒரு வரலாற்றுச் சான்று.

ஏறத்தாழ அதே காலத்தில் பெங்களூரில் இரு நெறிகளும் ஒருவரிடம் இணைந்தன. கே. வி. ஐயர் என்று அறியப்பட்ட கோலார் வெங்கடேச ஐயர் (1897-1980) பாரம் தூக்கும் பயிற்சியையும் சூரிய நமஸ்காரத்தையும் ஒருங்கே கற்பித்தார். அவர் நடத்திய ஹெர்குலிஸ் உடற்பயிற்சிக் கூடம் நகரின் புகழ்பெற்ற நிலையமாயிற்று. மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவும் அவருக்குக் கிட்டியது. 1930இல் வெளிவந்த ‘மசில் கல்ட்’ முதலிய நூல்களில் கிரேக்கச் சிலைகளை ஒத்த நிலையில் எடுத்த தம் ஒளிப்படங்களை அவர் சேர்த்தார். ஆசிரியரின் உடலே விளம்பரமாயிற்று. அத்துடன் அவர் அஞ்சல்வழிப் பயிற்சியும் நடத்தினார்.

அஞ்சல்வழிப் பயிற்சி இவ்வரலாற்றின் திருப்புமுனை. அதன் நன்மை தெளிவானது. அகாராவோ கூடமோ இல்லாத ஊரில் வாழும் எழுத்தரும் மாணவரும் ஆசிரியரும் முதன்முறையாக ஒரு புகழ்பெற்ற பயிற்சியாளரின் அறிவுரையைப் பெற்றனர். சாதியை விசாரிக்காமல் அஞ்சல் உறை சென்று சேர்ந்தது. ஆனால் அகாராவின் குரு கண்ணால் கண்ட ஒன்றை அஞ்சல்வழி ஆசிரியரால் காண இயலவில்லை. மாணவர் காலையில் எழுந்தாரா, தண்டால் எடுத்தாரா, பாடத்தாளை அலமாரியில் வைத்துவிட்டாரா என்பது அவருக்குத் தெரியாது. பணம் முன்னரே வந்துவிட்டது. பயிற்சி நடந்தாலும் நடக்காவிட்டாலும் கணக்கு நேராயிற்று. சேர்தலும் செய்தலும் இங்குதான் முதன்முதலாகத் தெளிவாகப் பிரிந்தன. அமெரிக்காவில் சார்லஸ் அட்லஸ் 1920களின் இறுதியிலிருந்து இதே முறையைப் பெருந்தொழிலாக வளர்த்தார். நோஞ்சான் இளைஞன் கடற்கரையில் அவமானப்படும் சித்திரக்கதை அவருடைய விளம்பரத்தின் மையம். விற்கப்பட்டது தசையைவிட, அவமானத்திலிருந்து தப்பும் முடிவு.

அடுத்த கட்டத்தைப் பம்பாயில் காணலாம். 1932இல் விஷ்ணு தல்வல்கர் ஓர் உடற்பயிற்சி நிலையத்தைத் தொடங்கினார். அக்குடும்பத்தின் அடுத்த தலைமுறை 1960களில் பாந்திராவில் தல்வல்கர் என்ற பெயரிலேயே கூடம் அமைத்தது. குடும்பத்தின் நேரடி மேற்பார்வையில் சில கூடங்களாக இருந்த இத்தொழில், 1991இன் பொருளாதாரத் தாராளமயத்துக்குப் பின் வேறு வடிவம் கொண்டது. வெளிநாட்டுப் பெயர்கள் உரிமம்வழி நாட்டுக்குள் வந்தன. தல்வல்கர் நிறுவனமும் நாடு முழுதும் கிளைகள் பரப்பி, 2010இல் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. பயிற்சிக் கூடம் முதலீட்டாளருக்குப் பதில் சொல்ல வேண்டிய நிறுவனமாயிற்று. முதலீட்டாளர் கேட்கும் கேள்வி, எத்தனை பேர் நலமடைந்தனர் என்பதைவிட, இந்தக் காலாண்டில் எத்தனை பேர் சேர்ந்தனர் என்பதாகவே இருக்கும்.

இங்கு ஆண்டுச் சந்தாச் சலுகையின் பொருளியலைச் சற்று நிதானமாகக் காண்பது தகும். கூடம் நடத்துபவரின் வாடகை, மின்கட்டணம், கருவிகளுக்கான கடன் தவணை, பயிற்றுநர் ஊதியம் ஆகிய அனைத்தும் நிலையான செலவுகள். பத்துப் பேர் வந்தாலும் நூறு பேர் வந்தாலும் அவை பெரிதும் மாறா. எனவே ஆண்டுத் தொகையை முன்கூட்டிப் பெறுவது அவருக்கு வட்டியில்லாத மூலதனம். கணக்கியலின்படி அத்தொகை உடனடி வருமானம் ஆகாது. இனித்தான் அளிக்க வேண்டிய சேவைக்கான பொறுப்பாகவே அது ஏட்டில் நிற்கும். அதாவது, ஆண்டுச் சந்தா கட்டும் ஒவ்வோர் உறுப்பினரும் கூடத்துக்கு அடமானமின்றிக் கடன் கொடுப்பவராகிறார். கையில் வந்த பணத்தை அடுத்த கிளைக்குச் செலவழித்துவிட்டால், இருக்கும் உறுப்பினருக்குச் சேவை அளிக்கப் புதிய உறுப்பினரின் பணம் வேண்டும். அதற்கு இன்னும் பெரிய சலுகை வேண்டும். சலுகை வளர்ச்சியின் அடையாளம் என்று வெளியில் தோன்றினாலும், பணமுடையின் அடையாளமாகவும் அது இருக்கக்கூடும்.

உறுப்பினர் பக்கத்துக் கணக்கை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். மாதம் 2,000 ரூபாய் என்றும், ஆண்டுக்கு மொத்தமாகக் கட்டினால் 12,000 ரூபாய் என்றும் ஒரு கூடம் அறிவிப்பதாகக் கொள்வோம். விளம்பரம் ‘நாளொன்றுக்கு வெறும் 33 ரூபாய்’ என்று சொல்லும். 365 நாளும் வருபவருக்கு அது உண்மை. மூன்று மாதம், மாதம் 12 நாள் வீதம் வந்து நின்றுவிட்டவருக்கு 36 நாள்களுக்கு 12,000 ரூபாய். ஒரு வருகைக்கு 333 ரூபாய். மாதக் கட்டணமே அவருக்கு 6,000 ரூபாயில் முடிந்திருக்கும். தள்ளுபடி பெற்றவர் இரு மடங்கு செலுத்தியிருக்கிறார்.

இது கற்பனைக் கணக்கு எனினும், இதன் உள்ளடக்கம் ஆய்வால் நிறுவப்பட்டதே. ஸ்டெஃபானோ டெல்லாவிக்னாவும் உல்ரிகே மால்மெண்டியரும் 2006இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரை, அமெரிக்காவின் மூன்று உடற்பயிற்சிக் கூடங்களைச் சேர்ந்த 7,752 உறுப்பினர்களின் வருகைப் பதிவை மூன்று ஆண்டுக் காலத்துக்கு ஆராய்ந்தது. மாதம் 70 டாலருக்கு மேல் கட்டியவர்கள் சராசரியாக மாதத்துக்கு 4.3 முறையே வந்தனர். ஒரு வருகைக்கு 17 டாலருக்கு மேல் அவர்களுக்குச் செலவாயிற்று. பத்து வருகைச் சீட்டு வாங்கியிருந்தால் ஒரு வருகைக்கு 10 டாலரே ஆகியிருக்கும். கடைசியாக வந்த நாளுக்கும் சந்தாவை நிறுத்திய நாளுக்கும் இடையில் சராசரியாக இரண்டு மாதத்துக்கு மேல் கழிந்தது. மனிதர்கள் தம் எதிர்கால உறுதியை மிகையாக மதிப்பிடுகின்றனர் என்பதே அவ்வாய்வின் விளக்கம். ஜனவரிச் சலுகை தேடிப் பிடிப்பது அந்த மிகை மதிப்பீடு உச்சத்தில் இருக்கும் வாரத்தை.

சோம்பல் தனிமனிதக் குறை. அதற்குக் கூடம் என்ன செய்யும் என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. யாரும் யாரையும் கட்டாயப்படுத்திச் சேர்ப்பதில்லை. ஆனால் ஒரு கூடம் ஒரே வேளையில் கொள்ளும் எண்ணிக்கையைப் போலப் பல மடங்கு பேருக்குச் சந்தா விற்கும்போது, பலர் வரமாட்டார்கள் என்பது எதிர்பாராத விளைவாக இல்லாமல் திட்டத்தின் அடிப்படையாகவே அமைந்துவிடுகிறது. நாள்தோறும் வருபவரின் குறைந்த கட்டணத்தை வராதவர் தாங்குகிறார். பயிற்றுநரின் நிலையும் இதனால் மாறுகிறது. சேர்க்கை இலக்கைக் கொண்டு அளக்கப்படும் பயிற்றுநர், கற்பிப்பவராக இருப்பதைக் காட்டிலும் விற்பவராக இருந்தாக வேண்டிய நெருக்கடிக்கு உள்ளாகிறார். அகாராவின் குருவிடமிருந்து இதுவே மிகப் பெரிய விலகல்.

இம்முறையின் ஆபத்து, கூடம் மூடப்படும்போது முழுமையாக வெளிப்படுகிறது. அமெரிக்காவில் விக் டானியின் பெருஞ்சங்கிலிக் கூடங்கள் நீண்டகால ஒப்பந்தங்களை விற்று வளர்ந்து 1960களின் தொடக்கத்தில் சரிந்தன. கலிஃபோர்னியா போன்ற மாநிலங்கள் உடற்பயிற்சிக் கூட ஒப்பந்தங்களுக்கென்றே தனிச் சட்டங்கள் இயற்றின. இந்தியாவில் 2019இல் தல்வல்கர் குழும நிறுவனங்கள் கடன் தவணைகளைச் செலுத்தத் தவறின. பல கிளைகள் மூடப்பட்டன. மறு ஆண்டு மார்ச் மாதம் கொரோனா ஊரடங்கு வந்தது. நடுவணரசின் தளர்வு ஆணைப்படி கூடங்களைத் திறக்க அனுமதி கிடைத்தது 2020 ஆகஸ்ட் 5 முதல்தான். இடைப்பட்ட மாதங்களில் உறுப்பினர் கட்டிய முன்பணம் யாருடையது என்ற கேள்வி நாடு முழுதும் எழுந்தது. பெரிய நிறுவனம் சந்தாக் காலத்தை நீட்டித் தர இயலும். வாடகைக் கட்டடத்தில் தனியாளாகக் கூடம் நடத்தியவருக்கு அந்தப் பணம் எப்போதோ செலவாகியிருந்தது. அவரும் இம்முறையின் கைதியே.

இந்தியச் சட்டம் இப்போதுதான் இத்திசையில் நகர்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நியாயமற்ற ஒப்பந்தம் என்ற கருத்தை வரையறுத்தது. அச்சட்டத்தின்கீழ் அமைந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் இணையவழி வணிகத்தில் கையாளப்படும் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியலிட்டுத் தடைசெய்தது. பொய்யான அவசரத்தை உண்டாக்குதலும், எளிதில் விலக முடியாத சந்தாப் பொறியும் அவற்றுள் அடங்கும். ‘இன்றே கடைசி நாள்’ என்று நாள்தோறும் அறிவிப்பது இனிச் செயலிகளைப் பொறுத்தவரை சட்டத்துக்கு உட்பட்ட கேள்வி. முன்பணத்தைத் தனிக் கணக்கில் காக்கவேண்டும் என்ற கடமையை இவ்விதிகள் எதுவும் கூடங்கள்மீது சுமத்தவில்லை.

அகாராவுக்குத் திரும்புவது தீர்வாகாது. கட்டணம் வாங்கும் கூடம் பெண்களுக்கும், குருவின் வட்டத்துக்கு வெளியே பிறந்தவர்களுக்கும் கதவைத் திறந்தது. அது சிறிய சாதனை அன்று. தேவைப்படுவது, அந்தத் திறந்த கதவை வைத்துக்கொண்டே விலையை மீண்டும் வருகையுடன் இணைக்கும் வழி. வருகைக்கேற்ற கட்டணம், பயன்படுத்தாத மாதங்களுக்குத் திரும்பப் பெறும் உரிமை, முன்பணத்துக்கு உச்சவரம்பு ஆகியவை அவ்வழியில் எண்ணத்தக்கவை. தொழில்நுட்பம் இதற்குத் தடையாகவும் இல்லை. இன்றைய செயலி ஒவ்வோர் உறுப்பினரும் கடைசியாக வந்த நாளை அறியும். அஞ்சல்வழி ஆசிரியர் இழந்த அந்தக் கண் மீண்டும் கிடைத்துவிட்டது. தற்போது அது பெரும்பாலும் அடுத்த சலுகையை யாருக்கு அனுப்புவது என்று பார்க்கவே பயன்படுகிறது.

ஆய்வு மாணவர்களுக்கு இதில் ஒரு பணி எஞ்சியுள்ளது. இந்திய உடற்பயிற்சியின் வரலாறு இதுவரை பெரும்பாலும் ஆசிரியர்களின் நூல்களையும் விளம்பரங்களையும் சான்றுகளாகக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. அவை யார் சேர்ந்தார் என்பதைச் சொல்லும். யார் எவ்வளவு காலம் நிலைத்தார், யார் ஏன் விலகினார் என்பதைச் சொல்லா. பழைய கூடங்களின் வருகைப் பதிவேடுகளும், உறுப்பினர் எழுதிய கடிதங்களும், நுகர்வோர் மன்றங்களின் தீர்ப்புகளும் முறையாகத் திரட்டப்பட்டால், பணம் கட்டிவிட்டு வராமல் போனவரின் வரலாறும் எழுதப்படும். இத்தொழிலின் செலவைத் தாங்கியவர்களுள் அவரும் ஒருவர்.